தலையில் சின்ன அடிதானே என்று விட்டுவிடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அவசரப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், இசிப்பிங்கோ என்று எங்கிருந்து வந்தாலும் குடும்பத்துக்காரர்கள் முதலில் சொல்வது ஒன்றுதான்: "சிஸ்டர், காலையில் நன்றாகத்தான் இருந்தார்." அதனால் தலையில் அடிபட்ட பிறகு வீட்டில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

விழுந்தவர் எழுந்து நடக்கிறார், தெளிவாகப் பேசுகிறார். அப்புறம் என்ன ஆபத்து?

பெரும்பாலும் ஆபத்து இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலையை இடித்துக்கொண்டவர்களில் மிகப் பலர் ஒரு வீக்கத்தோடும் இரண்டு நாள் தலைவலியோடும் தப்பிவிடுகிறார்கள். ஆனால் முதல் ஒரு மணி நேரம் நன்றாகப் பேசினார் என்பதை வைத்து ஆபத்தில் இருக்கும் மீதிச் சிலர் யார் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

காரணம் இதுதான். நெற்றிப்பொட்டுப் பக்கம் மண்டை எலும்பு மெல்லியது. அதன் உள்பக்கத்தை ஒட்டி ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அந்த இடத்தில் அடி விழுந்து எலும்பில் விரிசல் கண்டால் குழாய் கிழிந்து, எலும்புக்கும் மூளையை மூடியிருக்கும் உறைக்கும் நடுவே ரத்தம் சேர ஆரம்பிக்கும். மண்டை ஓடு ஒரு மூடி இறுகிய டப்பா, உள்ளே கூடுதலாக எதற்கும் இடம் கிடையாது. கொஞ்சம் ரத்தம் சேரும்வரை மூளை சமாளித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில்தான் ஆள் பேசுவார், டீ கேட்பார், "எனக்கு ஒன்றும் இல்லை, சும்மா பயப்படாதீர்கள்" என்று நம்மையே சமாதானப்படுத்துவார். சில மணி நேரத்தில் இடம் தீர்ந்ததும் தலைவலி ஏறும், வாந்தி வரும், ஒரு கண்ணின் பாவை விரிந்துபோகும், ஆள் அப்படியே சரிந்துவிடுவார். நேரத்தோடு கொண்டுவந்தால் அறுவை செய்து ரத்தத்தை எடுத்துப் பிழைக்க வைக்கலாம், முழுசாகக் குணமானவர்கள் நிறையப் பேர். தாமதித்தால் உயிரே போகும்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இந்திய ஆட்டக்காரர் ராமன் லம்பாவைத் தெரிந்திருக்கும். 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில் பேட்ஸ்மேனுக்கு மிக அருகில், ஹெல்மெட் இல்லாமல் ஃபீல்டிங் நின்றார். அடித்த பந்து அவர் தலையில் பட்டுத் தெறித்தது. எழுந்து நடந்தே உடை மாற்றும் அறைக்குப் போனார். அதன்பின் நினைவு இழந்து, அறுவை செய்தும் பலனில்லாமல் மூன்று நாளில் இறந்துபோனார். வயது 38. பனிச்சறுக்கில் விழுந்த நடிகை நடாஷா ரிச்சர்ட்சனும் 2009-ல் கனடாவில் அப்படித்தான்: முதலில் சிரித்துப் பேசினார், வந்த மருத்துவ உதவியைத் திருப்பி அனுப்பினார், இரண்டு நாளில் உயிர் போய்விட்டது.

வெளியே பெரிய புடைப்பு வந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

அது உண்மையில்லை. வெளியே வீங்குவது தலைத்தோலின் கீழ் உள்ள ரத்தம். அதன் அளவை வைத்து மண்டைக்குள் நடப்பதைச் சொல்ல முடியாது. பெரிய புடைப்போடு உள்ளே ஒன்றுமே இல்லாதவர்களும் உண்டு, வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே ரத்தம் கசிபவர்களும் உண்டு. வீக்கத்தின் மேல் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் ஒரு பத்து பதினைந்து நிமிடம் வைத்தால் போதும்.

தலைத்தோல் கிழிந்தால் ரத்தம் கொட்டும், பார்த்தாலே பயமாக இருக்கும். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் கையில் எலும்பு பள்ளமாகத் தட்டுப்பட்டால் அழுத்தாதீர்கள், மேலே துணியை மட்டும் போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காயத்தில் காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். தையல் போடுகிறவருக்கு அதைக் கழுவி எடுப்பதே பாதி வேலையாகிவிடும்.

எதைப் பார்த்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

இதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாலும் சரிதான். ஒரு முறைக்கு மேல் வாந்தி. குறையாமல் ஏறிக்கொண்டே போகும் தலைவலி. கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியிருந்தால். வலிப்பு வந்தால். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், அல்லது எங்கே இருக்கிறோம், எப்படி விழுந்தோம் என்று சொல்லத் தெரியாவிட்டால். பேச்சு குழறினால், ஒரு பக்கம் கை கால் தளர்ந்தால், நடை தள்ளாடினால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால். எழுப்பினால் எழுந்திருக்காத தூக்கம். இரண்டு கண் பாவைகளும் ஒரே அளவாக இல்லாவிட்டால். இது கடைசியில் வரும் அடையாளம், இதற்காகக் காத்திருக்கக் கூடாது.

மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தண்ணீர் மாதிரித் தெளிவாகச் சொட்டினால் அது சளி என்று துடைத்துவிடாதீர்கள். மண்டையின் அடிப்பகுதி உடைந்து மூளையைச் சுற்றியிருக்கும் திரவம் கசியலாம். காதுக்குப் பின்னால் நீலம் கட்டுவதும், கண்ணில் அடிபடாமலே இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்துப்போவதும் அதே உடைப்பின் அடையாளம்தான். இவை மறுநாள்கூடத் தெரியலாம்.

இவற்றில் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் சிலரை அப்படியே கொண்டுபோய்க் காட்டத்தான் வேண்டும்: 65 வயதைத் தாண்டியவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர், மாடிப்படியில் உருண்டவர், கூரையிலிருந்தோ மாமரத்திலிருந்தோ விழுந்தவர், வண்டி இடித்தவர், பக்கி வண்டியின் (பின்பக்கம் திறந்த சிறு லாரி) பின்னால் உட்கார்ந்து வந்து தூக்கி எறியப்பட்டவர்.

இன்னொரு அடையாளம் எந்தப் புத்தகத்தையும்விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். "இவர் இப்படிப் பேசுகிற ஆள் இல்லையே" என்று உங்கள் மனதுக்குப் பட்டால் அதை டாக்டரிடம் அதே வார்த்தையில் சொல்லுங்கள். அவருடைய வழக்கமான குணம் எப்படி என்று எங்களுக்குத் தெரியாது.

தலையில் அடிபட்டவரைத் தூங்க விடக் கூடாது என்கிறார்களே, உண்மையா?

தூக்கத்தால் ஒரு கெடுதலும் வராது. மூளைக்கு ஓய்வு வேண்டும், தூங்கட்டும். பயம் எங்கே வந்தது என்றால், தூங்குகிறாரா மயங்கிக் கிடக்கிறாரா என்று வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் முதல் இரவு தனியாகப் படுக்க விடாதீர்கள். அதே அறையில் ஒருவர் இருக்கட்டும், ராத்திரி ஒன்றிரண்டு தடவை தட்டி எழுப்பிப் பாருங்கள், டாக்டர் இத்தனை மணிக்கு ஒரு தடவை என்று சொல்லியிருந்தால் அதன்படி. அவர் எரிச்சலோடு "விடு, தூங்கணும்" என்று திட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தால் நல்லது. முனகல் மட்டும் வந்தால், கண்ணையே திறக்காவிட்டால், குறட்டை இதுவரை இல்லாத மாதிரி இருந்தால், விடியட்டும் என்று உட்காரவே கூடாது.

தாத்தா குளியலறையில் வழுக்கி விழுந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது கொஞ்சம் குழப்பமாகப் பேசுகிறார். வயதாகிவிட்டது, அதனாலா?

தலைக்குள் ரத்தக் கசிவு இல்லை என்று நிரூபணமாகும்வரை அதை வயது என்று சொல்லாதீர்கள். என்னை மிகவும் வருத்தும் விஷயம் இதுதான், ஏனென்றால் இது கண்டுபிடித்தால் தீரக்கூடிய நோய், கண்டுபிடிக்காமல் பல வீடுகளில் "ஆயாவுக்கு மறதி வந்துவிட்டது" என்று ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குகிறது. மூளையிலிருந்து அதன் உறைக்குப் போகும் மெல்லிய ரத்த நாளங்கள் அதனால் இழுபட்டு நிற்கின்றன. சின்ன இடி போதும், ஒன்று அறுந்து மெதுவாகக் கசியும். அலமாரிக் கதவில் இடித்தது, டாக்ஸி சட்டென்று பிரேக் போட்டபோது கம்பியில் மோதியது, இவ்வளவுதான் நடந்திருக்கும். பலருக்கு இடித்ததே நினைவிருக்காது. சுருங்கிய மூளையைச் சுற்றி இடம் இருப்பதால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வாரம், சிலருக்கு மாதங்கள் கழித்துத்தான் வெளிப்படும்: காலையில் தலைவலி, நடையில் ஒரு பக்கம் சாய்வது, கரண்டி கையிலிருந்து நழுவுவது, பெயர் மறப்பது, பகலெல்லாம் தூங்கி வழிவது. ஒரு நாள் நன்றாக இருப்பார், மறுநாள் மோசமாக இருப்பார், அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

சிடி ஸ்கேனில் இது தெரிந்துவிடும். தேவைப்பட்டால் மண்டையில் சின்ன துளை போட்டுத் தேங்கிய ரத்தத்தை வெளியேற்றுவார்கள். பெயர் மறந்து நின்ற பெரியவர் சில நாளில் பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை வார்டில் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் அப்படி ஆகாது, ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் விடுவதற்கு நியாயமே இல்லை.

வார்ஃபரின், ரிவராக்ஸபான், குளோபிடோக்ரெல், தினமும் ஒரு ஆஸ்பிரின் என்று எதையாவது இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ சாப்பிடுகிறவர் என்றால் கசிவு நிற்க நேரமாகும். நமது சமூகத்தில் சர்க்கரையும் இதய நோயும் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், இந்த மாத்திரை இல்லாத வீடு குறைவு. அவர்கள் தலையை இடித்துக்கொண்டால் அன்றைக்கே காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

தலைவலிக்கு என்ன கொடுக்கலாம்?

பனாடோ, அதாவது வெறும் பாராசிட்டமால். கிராண்ட்பா பவுடர் கூடாது, டிஸ்பிரின் கூடாது, காம்ப்ரால் கூடாது, மூன்றிலும் ஆஸ்பிரின் இருக்கிறது, அது ரத்தம் உறைவதைக் குறைக்கும். இந்த ஊரில் தலைவலி என்றாலே மூலைக்கடையில் கிராண்ட்பா வாங்கி வாயில் கொட்டுவது பழக்கமாகிவிட்டதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இபுப்ரோஃபென் கலந்த மாத்திரைகளையும் முதல் இரண்டு நாள் தவிர்ப்பது நல்லது. மைப்ரோடாலில் இபுப்ரோஃபெனோடு கோடீனும் உண்டு, அது தூக்கம் தந்து நாம் கவனிக்க வேண்டிய அடையாளத்தையே மறைத்துவிடும். தூக்க மாத்திரையும் குடியும் வேண்டாம் என்பதும் இதனால்தான். பாராசிட்டமால் கொடுத்தும் வலி ஏறினால் இன்னொன்று தேடாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். போதாதா?

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், உள்ளே சேரும் ரத்தம் தெரியாது. அதற்கு சிடி வேண்டும். எல்லா கிளினிக்கிலும் சிடி கிடையாது, அதனால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன் என்று சொன்னால் அலைய வைக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், போங்கள். அதே சமயம் எல்லாருக்கும் சிடி எடுக்க மாட்டார்கள், அதில் கதிர்வீச்சு உண்டு, குழந்தைகளுக்கு அது லேசான விஷயம் இல்லை. சில மணி நேரம் உட்கார வைத்து அரை மணிக்கு ஒரு தடவை பெயர் கேட்டு, கண்ணில் டார்ச் அடித்து, கையை இறுகப் பிடிக்கச் சொல்லிப் பார்ப்பதும் முறையான பரிசோதனைதான். அதற்கு அடிப்படை 1974-ல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு டாக்டர்கள் வகுத்த கணக்கு. கண் திறப்பது, பேசுவது, அசைவது மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு, அது இறங்குகிறதா என்று பார்ப்பது. "சும்மாவே உட்கார வைத்திருக்கிறார்கள்" என்று பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

மகன் பள்ளியில் ரக்பி ஆடுகிறான். தலை மோதி ஒரு நிமிடம் தடுமாறினான், பிறகு ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வந்தான். ஸ்கேனும் சரியாக இருக்கிறது. அடுத்த வாரம் ஆடலாமா?

கூடாது. தடுமாறின அந்த நிமிடத்திலேயே வெளியே வந்திருக்க வேண்டும்.

இது கன்கஷன், மூளை மண்டைக்குள் குலுங்கியதால் வந்த அதிர்ச்சி. ரத்தம் கசியாது, எலும்பு உடையாது, ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் நரம்பு அணுக்களின் வேலை சில நாட்களுக்குக் குழம்பிக் கிடக்கும். பலர் நினைப்பது போல மயக்கம் போட வேண்டியதில்லை, பெரும்பாலான கன்கஷனில் நினைவு தப்புவதே இல்லை. தலையில் நேராக அடிபட வேண்டும் என்றும் இல்லை. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் கிரிக்கெட் டெஸ்டில் ஜோஃப்ரா ஆர்ச்சர் போட்ட பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. பரிசோதனைகளில் தேறி, அன்றைக்கே திரும்பி வந்து பேட்டிங் செய்தார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் தெரிந்தன, ஆட்டத்திலிருந்து விலக்கினார்கள். பக்கத்திலேயே டாக்டர்கள் இருக்கும் ஆட்டக்காரருக்கே தாமதமாகத் தெரிந்தது என்றால் பள்ளி மைதானத்தில் நிற்கும் பையன் "ஐ ஆம் ஃபைன், கோச்" என்று சொல்வதை எப்படி நம்புவது?

பயப்பட வேண்டியது இரண்டாவது அடிக்கு. முதல் அதிர்ச்சி ஆறாத மூளையில் லேசான மோதல் பட்டாலும் அபூர்வமாக மூளை வேகமாக வீங்கி நிமிடங்களில் உயிரைப் பறித்துவிடும். பெரும்பாலும் இளம் வயதுக்காரர்களுக்குத்தான் இது நேர்கிறது. 2011-ல் வட அயர்லாந்தில் 14 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் ஒரே ரக்பி ஆட்டத்தில் அடிபட்டும் தொடர்ந்து ஆடி, மைதானத்திலேயே சரிந்து, பின்பு இறந்தான். நம் நாட்டில் ரக்பி சங்கம் 2009-ல் தொடங்கிய போக்ஸ்மார்ட் திட்டம் பயிற்சியாளருக்கும் நடுவருக்கும் கற்றுத் தருவதும் இதைத்தான்: சந்தேகம் வந்தாலே வெளியே உட்கார வை, அன்றைக்குத் திரும்ப இறக்காதே.

முதல் ஒன்று இரண்டு நாள் ஓய்வு. ஃபோனும் கேமும் மிகக் குறைவாக. இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பது பழைய முறை, அது தேவையில்லை. மெதுவாக நடக்கலாம், தலைவலி அதிகமாகாத அளவுக்குப் படிக்கலாம். பள்ளிப் பாடம் முதலில் சரியாக வர வேண்டும், அதன்பிறகுதான் ஓட்டம், அதன்பிறகு தனியாகப் பயிற்சி, டாக்டர் சரி என்ற பிறகுதான் மோதல் ஆட்டம். சுமார் மூன்று வாரமாவது ஆகும் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். டீமில் இடம் போய்விடும் என்று மகன் அழுதால் அழட்டும்.

கைக்குழந்தை கட்டிலிலிருந்து விழுந்துவிட்டது.

உடனே அழுது, கொஞ்ச நேரத்தில் சமாதானமாகி, வழக்கம்போல் பால் குடித்து விளையாடினால் நல்ல அறிகுறி. இருந்தாலும் ஒரு வயதுக்குள் என்றால் காட்டிவிடுவதுதான் என் அபிப்பிராயம், ஏனென்றால் அது தலை வலிக்கிறது என்று சொல்லாது. உச்சிக்குழி புடைத்திருப்பது, பால் மறுப்பது, நிற்காத அழுகை, துவண்டு கிடப்பது, நெற்றி தவிர மற்ற இடத்தில் மெத்தென்ற வீக்கம் இவற்றில் எது இருந்தாலும் உடனே கிளம்புங்கள்.

காவடி அன்று பக்தர் ஒருவர் விழுந்து தலையில் அடிபட்டது. எழுந்து ஏதோ உளறினார், சாமி வந்திருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். சரியா?

நானும் கோயிலுக்குப் போகிறவள்தான், நம்பிக்கையைக் குறை சொல்ல வரவில்லை. விரதம் இருந்து, வெயிலில் காவடி சுமந்து, தேங்காய்த் தண்ணீரும் பாலும் சிந்திய ஈரத் தரையில் நடக்கும்போது வழுக்குவது சகஜம். விழுவதற்கு முன் அருளோடு ஆடினவரானாலும், தலை தரையில் மோதிய பிறகு வரும் உளறலையும் தள்ளாட்டத்தையும் அடியால் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். விபூதி பூசுங்கள், பிறகு அங்கே நிற்கும் முதலுதவிக்காரரைக் கூப்பிடுங்கள். கழுத்து வலிக்கிறது என்றாலோ கை கால் மரத்திருக்கிறது என்றாலோ தூக்கி நிறுத்தக் கூடாது, தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள்.

குடித்துவிட்டு விழுந்தவரைக் காலைவரை தூங்க விட்டால் தெளிந்துவிடாதா?

குழறும் பேச்சு, வாந்தி, தள்ளாட்டம், எழுப்ப முடியாத தூக்கம். குடியும் மூளைக் கசிவும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். பிரித்துச் சொல்ல எங்களாலேயே ஸ்கேன் இல்லாமல் முடியாது. குடித்தவர் தலையில் அடியும் பட்டிருந்தால் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான்.

கணவர் அடித்ததில் தலை சுவரில் மோதியது. வெளியே சொல்ல முடியவில்லை.

கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லி வரும் பெண்களை அவசரப் பிரிவில் எல்லாருக்கும் தெரியும். அக்கா, தங்கச்சி, தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி ஒவ்வொரு முறையும் ஆற நேரம் இல்லாமல் விழுகிறது, மறதியும் தலைசுற்றலும் தூக்கமின்மையும் உங்கள் பலவீனம் இல்லை. கழுத்தை நெரித்திருந்தால் அதையும் கண்டிப்பாகச் சொல்லுங்கள், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் பாதிக்கப்பட்டிருக்கலாம். நர்ஸிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். 0800 428 428 என்ற அரசு உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம்.

வாரக்கணக்கில் தலைவலி, சத்தம் பிடிக்கவில்லை, சின்ன விஷயத்துக்கும் கோபம். நடிக்கிறாரா?

நடிப்பு இல்லை. கன்கஷனுக்குப் பிறகு பெரியவர்களுக்கு இரண்டு வாரம், பிள்ளைகளுக்கு நான்கு வாரம்வரை இப்படி இருப்பது வழக்கம். அதைத் தாண்டினால் திரும்பக் காட்டுங்கள், உதவக்கூடிய சிகிச்சைகள் இருக்கின்றன. அதுவரை வேலை நேரத்தைக் குறைக்க, முதலாளிக்குக் கொடுக்க டாக்டரிடம் கடிதம் கேட்டு வாங்குங்கள். முழுத் தெளிவு வரும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

ஆம்புலன்ஸுக்கு யாரைக் கூப்பிடுவது, அங்கே போய் என்ன சொல்வது?

அரசு ஆம்புலன்ஸுக்கு 10177, செல்ஃபோனிலிருந்து 112. போய்ச் சேர்ந்ததும் "தலையில் அடி" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்திலிருந்து, எதில் மோதினார், நினைவு தப்பியதா, எத்தனை தடவை வாந்தி, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், அப்போது எப்படி இருந்தார், இப்போது எப்படி மாறியிருக்கிறார், இதை வரிசையாகச் சொல்லுங்கள். மாத்திரை டப்பாக்களைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். விழுந்ததைப் பார்த்தவர் கூட வருவது நல்லது, அடிபட்டவருக்கே அது நினைவில்லாமல் போயிருக்கும். உட்கார்ந்திருக்கும்போது நிலைமை மாறினால், புதிதாக ஒரு வாந்தி வந்தாலும் எழுந்து போய் நர்ஸிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்பினால் எந்தெந்த அடையாளத்துக்குத் திரும்பி வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அதில் ஒன்று வந்தால் அதே ராத்திரியில் இரண்டாவது தடவையாக வந்து நிற்கவும் தயங்காதீர்கள்.